சொல்லும் சடலமும்: கொங்கு நாட்டில் தமிழ் உடற்கூறியலின் வரலாறு பற்றிய ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் உடற்கூறியலின் வரலாறு பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் வரலாறாகவும் கலைச்சொல்லாக்கத்தின் வரலாறாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. அத்துறைக்கு இன்றியமையாத சடலம் எங்கிருந்து, எந்த அதிகாரத்தின் வழியாக வந்தது என்னும் வினா அவ்வரலாறுகளில் எழவில்லை. கொங்கு நாட்டை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை எழுப்புகிறது. இப்பகுதியில் அறிவியல் தமிழ் முயற்சிகள் 1916 முதலே நடைபெற்றன. மருத்துவக் கல்லூரியின் அறுப்புக்கூடம் 1966க்குப் பின்னரே வந்தது. இந்த அரை நூற்றாண்டு இடைவெளியும், அறுப்புக்கூடத்திற்கு உடல்களை வழங்கிய ‘உரிமை கோரப்படாத உடல்’ என்னும் சட்டக் கருத்தும், நகரப் பெருக்கமும் சேர்ந்தே இங்குத் தமிழ் உடற்கூறியலின் தன்மையைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: உடற்கூறியல், அங்காதிபாதம், கலைச்சொல்லாக்கம், கோயம்புத்தூர், உரிமை கோரப்படாத உடல், அண்ணன்மார் கதை

முன்னுரை

வேதியியலைக் கற்பிக்க உப்பும் அமிலமும் போதும். தாவரவியலுக்கு ஒரு தோட்டம் போதும். உடற்கூறியலைக் கற்பிக்க இறந்த மனிதர் ஒருவர் வேண்டும். அவர் யார், எங்கே இறந்தார், அவருடைய உடலைப் பெற்றுச் செல்ல உற்றார் ஏன் வரவில்லை என்னும் வினாக்களுக்கு மருத்துவ நூல்களில் விடையில்லை. அவற்றுக்கான விடைகள் நகரத்தின் அமைப்பிலும் அரசின் சட்டங்களிலும் சமூகப் படிநிலையிலும் உள்ளன.

மேலைநாட்டு ஆய்வுலகம் இவ்வினாக்களை 1980களிலிருந்தே எழுப்பி வருகிறது. இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டத்தை மையமாகக் கொண்டு ரூத் ரிச்சர்ட்சன் 1987இல் வெளியிட்ட நூல், அச்சட்டம் ஏழைகளின் உடலை மருத்துவக் கல்விக்கு உரிய பொருளாக மாற்றியதைக் காட்டியது. அமெரிக்கச் சூழலில் மைக்கேல் சப்போலும், இந்தியச் சூழலில் டேவிட் ஆர்னால்டும் இதே தடத்தில் பயன்மிக்க ஆய்வுகளைத் தந்துள்ளனர். தமிழில் இத்துறை பற்றி எழுதியோர் பெரும்பாலும் வேறு வழியில் சென்றனர். ஈழத்துக் கவிஞர் அம்பி எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ (1967), ‘மருத்துவத் தமிழ் முன்னோடி’ (1995) ஆகிய நூல்கள் இவ்வகையில் முதன்மையானவை. மறக்கப்பட்டிருந்த ஒரு பெரும்பணியை மீட்டுத் தந்தமைக்காகத் தமிழுலகம் அவருக்குக் கடன்பட்டுள்ளது. எனினும் அவரும் அவருக்குப் பின் எழுதியோரும் கேட்ட வினா ஒன்றே: தமிழால் முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று தேடும் முனைப்பில், எவருடைய உடலை அறுத்துக் கண்ட அறிவு தமிழில் வந்தது என்பதைக் கேட்கும் வாய்ப்பு நழுவிப் போயிற்று.

இரண்டு அங்காதிபாதங்கள்

கொங்கு நாட்டுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தை ஒருமுறை பார்த்தல் வேண்டும். தமிழில் மேலை உடற்கூறியல் நூலுருப் பெற்றது அங்கேதான். அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியில் உடற்கூறியல் சார்ந்த நூல்கள் இரண்டு வந்தன. 1850களில் வந்தது ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’. கால்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய நூலின் தமிழாக்கம். 1872இல் வந்தது ‘மனுஷ அங்காதிபாதம்’. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறியல் நூலின் தமிழாக்கம்.

இவ்விரண்டையும் ஒரே வளர்ச்சிக் கோட்டின் இரு புள்ளிகளாகக் காட்டுவதே வழக்கம். ஆனால் அவற்றின் மூலங்கள் தம்முள் வேறுபட்டவை. கட்டரின் நூல் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என எழுதப்பட்டது. அதைப் படிப்பவர் எவரும் கத்தியைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. உடம்பை அறிந்து நலமாக வாழ்க என்பதே அதன் நோக்கு. கிரேயின் நூலோ அறுப்பறையில் பிறந்தது. இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி கிரேயும் ஓவியர் ஹென்றி வான்டைக் கார்ட்டரும் சேர்ந்து உடல்களை அறுத்து ஆய்ந்து 1858இல் அதனை வெளியிட்டனர். அவ்வுடல்கள் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழையர் விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் கிடைத்தவை என்பதை ரிச்சர்ட்சன் விரிவாக எழுதியுள்ளார். எனவே ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் உள்ள ‘மனுஷன்’ இலண்டன் நகரத்து ஏழை. அவனுடைய தசையும் நரம்புமே மானிப்பாயில் தமிழில் பெயர் பெற்றன. நூலுக்கு ஓவியம் வரைந்த கார்ட்டர் 1858இலேயே பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார் என்பதும் நினைக்கத்தக்கது. ஓவியரின் கை இந்திய உடல்களைத் தொட்ட காலத்தில், அவர் பங்கேற்ற நூல் இலண்டன் உடலோடு தமிழுக்கு வந்து கொண்டிருந்தது.

கிறீன் தமிழைப் பயிற்றுமொழியாக்கியதன் காரணமும் மொழிப்பற்று ஒன்றினால் விளங்குவதன்று. ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் அரசுப் பணிக்கும் ஊதியம் மிக்க பிற இடங்களுக்கும் பெயர்ந்து சென்றனர். தமிழில் பயின்றோர் கிராமங்களிலேயே தங்கி மக்களுக்குப் பயன்படுவர் என அவர் எண்ணினார். பயிற்றுமொழி இங்கு நகரத்தின் ஈர்ப்புக்கு இடப்பட்ட ஓர் அணையாகப் பயன்பட்டது. கிராமத்தை நோக்கி எழுதப்பட்ட தமிழ் உடற்கூறியலுக்கு, நகரங்களில் வளர்ந்த மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காமற் போனதில் வியப்பில்லை. சென்னையில் 1835இல் தொடங்கப்பட்டு 1850இல் கல்லூரியாக உயர்ந்த நிறுவனம் ஆங்கிலத்திலேயே இயங்கியது.

இதனோடு கல்கத்தாவை ஒப்பிடுதல் பயன் தரும். அங்கு 1836இல் மனித உடலை அறுத்த மதுசூதன் குப்தா, ஹூப்பரின் உடற்கூறியல் கையேட்டைச் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்தவரும் ஆவார். சொல்லை ஆக்கிய கையும் உடலை அறுத்த கையும் அங்கு ஒன்றாயிருந்தன. ஆயினும் அக்கல்லூரியின் பயிற்றுமொழி ஆங்கிலமாகிவிட்டதால் அவருடைய சமஸ்கிருத நூல் வகுப்பறைக்குள் வாழ முடியவில்லை. தமிழில் நிலைமை இதனினும் கடினம்: சொல் மானிப்பாயில் இருந்தது, அரசின் அறுப்பறை சென்னையில் இருந்தது, இடையே கடல் இருந்தது.

திண்ணையில் வளர்ந்த அறிவியல்

கொங்கு நாட்டின் அறிவியல் தமிழ் வரலாறு சேலத்தில் தொடங்குகிறது. 1916இல் இராஜாஜியும் அவருடைய நண்பர்களும் அங்குத் தமிழ்ச் சாத்திரிய பரிபாஷைச் சங்கத்தை நிறுவினர். இராஜாஜி அப்போது சேலத்தில் வழக்கறிஞர். மருத்துவக் கல்லூரியோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஒரு நகரத்தில், வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் கூடி அறிவியலுக்குச் சொல் தேடினர். இந்தத் தோற்றச் சூழலே பின்னர் வந்தவற்றின் போக்கையும் காட்டிவிடுகிறது. இராஜாஜி பின்னாளில் வேதியியலை எளிய தமிழில் சொல்ல எழுதிய நூலுக்குத் ‘திண்ணை ரசாயனம்’ என்று பெயரிட்டார். அப்பெயர் பொருத்தமானதே, வேதியியலைத் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். உடற்கூறியலுக்கு அந்த வாய்ப்பில்லை. பிணம் கிடக்கும் வீட்டுத் திண்ணையில் நடப்பது வேறு. ஊரார் கூடியிருக்க, சாதிக்கொரு கடமையும் உறவுக்கொரு முறையுமாகச் சடங்கு நடக்கும் இடம் அது.

சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொற்றொகுதி பள்ளிப் பாடங்களை ஒட்டி அமைந்தது. உடல் பற்றிய சொற்கள் அதில் உடல்நலப் பாடத்தின் ஒரு பகுதியாக வந்தன. அதாவது, கட்டரின் வழியே தொடர்ந்தது. கிரேயின் வழி அறுபட்டது. வடசொல்லா தனித்தமிழா என்னும் பெரும்பூசல் அக்காலத்துக் கலைச்சொல் விவாதத்தை முழுவதும் ஆட்கொண்டிருந்தது. உறுப்புகளுக்கு எம்மொழியில் பெயரிடுவது என்று இரு தரப்பினரும் வாதிட்டனர். அவ்வுறுப்புகளை நேரில் கண்டு கற்பிக்கும் இடத்தில் தமிழ் நுழைவதற்கு என்ன வழி என்பது எத்தரப்புக்கும் முதன்மை வினாவாகவில்லை. இன்று அவ்விவாதங்களைப் படிக்கும்போது அவற்றின் புலமை வியப்பைத் தருகிறது. களத்திலிருந்து அவை நின்ற தொலைவும் கூடவே புலப்படுகிறது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கொங்கு நாட்டார் இருவர் தமிழ் அறிவியலின் போக்கையே மாற்றினர். திருப்பூரில் பிறந்து, சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக (1946–1949) விளங்கிய தி. சு. அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946இல் நிறுவினார். அக்கழகத்தின் கலைக்களஞ்சியத்திற்கு முதன்மைப் பதிப்பாசிரியராக அமைந்தவர் ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெ. தூரன். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. கொங்கு நாட்டு நாட்டுப்பாடல்களைத் தேடித் திரட்டிய அதே தூரன்தான் இவ்வறிவியல் தொகுப்பையும் நெறிப்படுத்தினார். ‘கருவில் வளரும் குழந்தை’ என்னும் நூலையும் அவர் எழுதினார். கருவின் படிப்படியான உருவாக்கத்தைப் பொதுவாசகருக்குச் சொல்லும் அந்நூல், தமிழில் உடலைப் பற்றி எழுதுவதற்கு எத்தகைய நடை பொருந்தும் என்பதற்கு நல்ல சான்று. கோயம்புத்தூரில் ஜி. ஆர். தாமோதரன் 1940களின் இறுதியில் தொடங்கிய ‘கலைக்கதிர்’ இதழும் இதே மரபில் வந்தது. ஆலைத் தொழிலால் வளர்ந்த ஒரு நகரம் தனக்கென ஓர் அறிவியல் மாத இதழைத் தமிழில் வைத்திருந்தது என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் இவை அனைத்தும் பிணமில்லாத உடற்கூறியல். இதனைக் குறையாகக் கூறவில்லை. பள்ளி மாணவனுக்கும் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும் உடலறிவு தருவதே இம்முயற்சிகளின் நோக்கம். அந்நோக்கத்தில் அவை பெருவெற்றி கண்டன. ஆனால் தமிழ் உடற்கூறியல் வளர்ந்தது என்று பொதுவாகக் கூறும்போது, இரண்டு வகை அறிவை நாம் ஒன்றாக்கிவிடுகிறோம். படித்து அறியும் உடல் தமிழில் வந்தது. அறுத்து அறியும் உடல் வரவில்லை.

‘கூறு’ என்னும் சொல்

அங்காதிபாதம் என்னும் சொல் கேசாதிபாதம், பாதாதிகேசம் ஆகிய சிற்றிலக்கிய வகைகளின் அச்சில் வார்க்கப்பட்டது போல ஒலிக்கிறது. தலைவனையோ தெய்வத்தையோ உறுப்புறுப்பாகப் பாடிச் செல்லும் அம்மரபில் உடல் முழுமையாகவும் ஒளியோடும் நிற்கும். பார்வை மட்டுமே நகரும். ‘உடற்கூறு’ என்பது அவ்வாறன்று. கூறு என்பது பகுதி. கூறுபடுத்துதல் என்பது பிளத்தல். அனாட்டமி என்னும் கிரேக்க வழிச் சொல்லின் வேரும் அறுத்தலைக் குறிப்பதே. இவ்வகையில் உடற்கூறு என்பது மிகப் பொருத்தமான ஆக்கம். அச்சொல் தமிழ்ச் செவிக்குப் பட்டினத்தார் பெயரில் வழங்கும் உடற்கூற்று வண்ணத்தையும் நினைவூட்டிவிடுகிறது. பிறப்பு முதல் சுடுகாடு வரை உடலின் நிலையாமையைப் பாடும் பாட்டு அது. இறப்பு வீடுகளில் அதைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு, உடலைப் பகுதிபகுதியாகக் காண்பது அறிவைவிடத் துறவோடு நெருங்கிய செயல்.

இன்னும் பழைய சான்று மணிமேகலையில் உள்ளது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் புகார் நகரை ஒட்டிய சுடுகாட்டுக் கோட்டம் விரிவாக வருணிக்கப்படுகிறது. சுடுவோர், புதைப்போர், தாழியிற் கவிப்போர் எனப் பலவகையாக இறந்தோரை நீக்கும் மக்கள் அங்கு வருகின்றனர். இறந்தவரின் வருணத்துக்கும் தகுதிக்கும் ஏற்ப நினைவுக் கட்டடங்களும் வேறுபடுகின்றன. அங்கேயே பெண் ஒருத்தியின் உடலை நரியும் கழுகும் நாயும் உறுப்புறுப்பாகப் பிரித்துச் செல்வதைச் சார்ங்கலன் என்னும் சிறுவன் காண்கிறான், அச்சத்தால் உயிரிழக்கிறான். பெருநகரம் ஒன்றே பல சாதியாரின், பல ஊராரின் பிணங்களை ஓரிடத்தில் குவிக்கிறது என்பதையும், அங்குங்கூட மதிப்பு வேறுபாடு மறைவதில்லை என்பதையும் சாத்தனார் கண்டிருக்கிறார். பௌத்த அறத்துக்காக எழுதப்பட்ட இப்பகுதியை நகர வரலாற்றுக்கான சான்றாகவும் படிக்கலாம்.

உரிமை கோரப்படாத உடல்

இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன், அந்நாட்டில் தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்களே அறுப்புக்குச் சட்டப்படி கிடைத்தன. அவை போதாமையால் கல்லறைத் திருட்டு பெருகியது. எடின்பரோவில் பர்க், ஹேர் என்னும் இருவர் உடலுக்காகவே கொலை செய்தது 1828இல் வெளிப்பட்டது. 1832க்குப்பின் குற்றவாளியின் இடத்தில் ஏழை வைக்கப்பட்டான். உறவினர் வந்து பெற்றுச் செல்லாத உடல் கல்விக்கு உரியதாயிற்று. இக்கருத்தைப் பம்பாய் மாகாணம் 1949இலும் சென்னை மாகாணம் 1951இலும் தத்தம் உடற்கூறியல் சட்டங்களில் ஏற்றன. இன்று தமிழ்நாடு உடற்கூறியல் சட்டம் என வழங்குவது அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டமே. இலண்டனின் ஏழையர் விடுதியை மனத்தில் கொண்டு உருவான ஒரு கருத்து, 119 ஆண்டுகள் கழித்து, மக்களாட்சி அரசொன்றின் சட்டமாகத் தமிழகத்துக்கு வந்தது.

உரிமை கோரப்படாமை என்பது உடலின் இயல்பன்று, தொலைவின் விளைவு. கொங்குக் கிராமத்தில் உரிமை கோரப்படாத பிணம் என ஒன்று இருத்தல் அரிது. இழவு சொல்லப் போக ஆள் உண்டு. பங்காளிகளும் மாமன் மைத்துனரும் வந்தே தீர வேண்டும். ஒவ்வொரு சாதிக்கும் இறப்பில் ஒரு பணி விதிக்கப்பட்டிருக்கும். இவ்வமைப்பு சாதிக் கொடுமையால் கட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அதற்குள் இறந்தவர் ஒவ்வொருவரும் எவருக்கோ உரியவர். கொங்கின் பெருங்கதைப் பாடலான அண்ணன்மார் கதையின் உச்சம் இதனைத்தான் காட்டுகிறது. பொன்னரும் சங்கரும் மாண்டபின் தங்கை தங்காள் அவர்களுடைய உடல்களைத் தேடிக் காடும் களமும் அலைகிறாள். கண்டெடுத்து, தெய்வத் துணையால் சிறிது நேரம் உயிர்ப்பிக்கிறாள். உடலைத் தேடி அடைபவள் இருப்பதாலேயே அவர்கள் தெய்வமாகின்றனர். இக்கதையைக் காங்கயம் பகுதியில் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த பிரெண்டா பெக், 1976இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் தமிழர் மரபில் உடலும் வெளியும் பேரண்டமும் ஒன்றோடொன்று இணைத்துக் காணப்படுவதை விளக்கினார். அவர் ஓலப்பாளையத்தில் களப்பணி செய்த ஆண்டுகள் 1964 முதல் 1966 வரை. அந்த 1966இல்தான் கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. வீரப்பூர்க் களத்தில் உடல் தேடும் தங்கையின் பாட்டு கிராமத்தில் ஒலித்துக் கொண்டிருந்த அதே காலத்தில், தேடி வர ஆளில்லாத உடல்களை அறுத்துப் பயிலும் கல்வி மாவட்டத் தலைநகரில் கால்கொண்டது.

கோயம்புத்தூர் அதற்குள் வேறு நகரமாகியிருந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. வேலை தேடிப் பலர் வந்தனர். கொள்ளைநோய்க் காலத்தின் தடம் பிளேக் மாரியம்மன் கோயில்களாக நகருக்குள் இன்றும் நிற்கிறது. அந்நோய்க் காலத்தில் பிணங்களை அரசு சோதிப்பதற்கு நாடெங்கும் எழுந்த எதிர்ப்பை ஆர்னால்ட் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தொழிலாளர் இயக்கம் இங்கு ஒரு மாற்றைக் காட்டியது. 1946 சனவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வருக்கு அவ்வூரில் நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் செங்கொடி இயக்கத்தார் அங்குக் கூடுகின்றனர். குருதி உறவைக் கடந்து ஓர் இயக்கமே உறவினராக நின்று உரிமை கொண்டாடிய இறப்பு அது. தூக்கிலிடப்பட்டவரின் உடலே அறுப்பறைக்கு முதலுரிமைப் பொருள் என்றிருந்த இங்கிலாந்தின் பழைய சட்டத்தோடு இதனை வைத்துப் பார்த்தால், யாருடைய உடலுக்கு யார் உறவு என்பதை அரசியலும் தீர்மானிக்கும் என்பது விளங்கும். இத்தகைய இயக்கம் சூழாத உதிரித் தொழிலாளியோ, பேருந்து நிலையத்தில் இறக்கும் முதியவரோ அந்நிலையில் இல்லை. அவர்களைப் பற்றிய செய்தி உரிய காலத்துக்குள் ஊர் சேர்ந்தால் அவர்கள் உறவுடையோர். சேராவிட்டால் சட்டத்தின் கண்ணில் உரிமை கோரப்படாதோர். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளர்க்கு அத்தொலைவு இன்னும் நீண்டுள்ளது. மொழி அறியாத ஊரில் இறப்பவரின் பெயரைச் சரியாக எழுதிக்கொள்வதே அரிது.

நகரத்தின் நிலவமைப்பும் கவனிக்கத்தக்கது. நோயாளிகள் சேரும் அரசு மருத்துவமனை, மக்கள் வழக்கில் ‘ஜி.எச்.’, தொடர்வண்டி நிலையத்திற்கு அணித்தாகத் திருச்சி சாலையில் உள்ளது. கல்லூரியோ அவினாசி சாலையில் பீளமேட்டுப் பகுதியில் உள்ளது. பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி (1951), அதே அறக்கட்டளை 1985இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆகியனவும் அதே பீளமேட்டில் உள்ளன. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய தாமோதரனே கலைக்கதிரை நடத்தியவர். அறிவியலைத் தமிழில் சொன்ன இதழும், உடலை ஆங்கிலத்தில் கற்பித்த கூடங்களும் ஒரே சாலையை ஒட்டி நெடுங்காலம் அண்டை வீட்டாராக இருந்தன. இதழின் தமிழ் அக்கூடங்களுக்குள் பாடமொழியாகச் சென்றதில்லை.

தானமும் கொடையும்

மருத்துவக் கல்லூரிகள் பெருகப் பெருக உடலின் தேவையும் பெருகும். சேலம், பெருந்துறை எனத் தொடங்கிய வரிசையில் 2022 சனவரியில் திருப்பூரும் நாமக்கல்லும் சேர்ந்தன. சட்டம் தரும் உடல்களோடு, தாமே எழுதி வைத்துத் தரும் உடல்களும் இன்று வருகின்றன. பகுத்தறிவு இயக்கத்தாரும் இடதுசாரி இயக்கத்தாரும் இதனை ஒரு கொள்கைச் செயலாகவே பரப்பினர். சடங்கு மறுப்பின் இறுதிப் படியாக அவர்களுக்கு இது அமைந்தது. ஈரோட்டில் ‘குடிஅரசு’ 1925இல் தொடங்கி வளர்த்த சிந்தனைக்கு இதில் பங்குண்டு. இறந்தபின் உடலுக்குச் செய்யும் சடங்கால் சாதியே வலுப்பெறுகிறது என்னும் வாதத்தின் இயல்பான தொடர்ச்சியாக இதனைக் கருதலாம்.

இங்கும் சொல் ஒரு போர்க்களம். ‘தானம்’ என்பதில் கொடுப்பவர்க்குப் புண்ணியமும் பெறுபவர்க்குத் தகுதியும் உண்டு என்னும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘உடற்கொடை’ என்போர் அப்பொருளைக் களைய விரும்புகின்றனர். இவ்விரு சொல்லிலும் அடங்காத மூன்றாவது உடல் ஒன்று உண்டு: சட்டத்தின்படி வந்த, தானமும் செய்யாத, கொடையும் தராத உடல். உறுப்புக்கொடை அளிப்போரின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையோடு நடைபெறும் எனத் தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்தது, வரவேற்கத்தக்க முடிவு. மருத்துவ மாணவர்க்கான அறநெறிப் பாடத்திட்டம் சடலத்தை முதல் ஆசான் எனக் கற்பிக்கிறது, அதுவும் நன்றே. ஆனால் தன் விருப்பத்தைச் சொல்லும் வாய்ப்பே பெறாதவரை ஆசான் என அழைப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆசானிடம் மாணவன் கேட்டுப் பெறுகிறான். இவரிடம் எவரும் கேட்கவில்லை.

மருத்துவத்தைத் தாய்மொழியில் கற்பிக்கும் பேச்சு இன்று மீண்டும் அரசியல் மேடைக்கு வந்துள்ளது. 2022 அக்டோபரில் போபாலில் இந்தி வழி மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது, முதல் வரிசையிலேயே உடற்கூறியல் நூல் இடம்பெற்றது. தமிழிலும் பாடநூலாக்க முயற்சிகள் நடைபெறுகின்றன. இவற்றைப் பற்றிய விவாதம் 1938இல் நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது: கலைச்சொல் தூயதா, எளியதா, பன்னாட்டு வழக்கை ஏற்பதா? இவ்வினாக்கள் வேண்டியவையே. எனினும் அறுப்புக்கூடத்தில் தமிழ் ஏற்கெனவே வழங்குகிறது என்பதை இவ்விவாதம் மறந்துவிடுகிறது. பேராசிரியர் ஆங்கிலத்தில் விளக்குவார். மாணவர் ஆங்கிலத்தில் எழுதுவர். சடலத்தைப் பிணவறையிலிருந்து கொண்டு வருபவரும், மருந்தேற்றிப் பதப்படுத்துபவரும், தொட்டியிலிருந்து எடுத்து மேசையில் கிடத்துபவரும், பயிற்சி முடிந்தபின் எஞ்சியதைத் திரட்டி அடக்கம் செய்பவரும் தமிழில் பேசுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் நெடுங்காலமாக ஒடுக்கப்பட்ட சாதியினர். கிராமத்தில் பிணத்தைத் தொடும் பணி எவர் மேல் சுமத்தப்பட்டதோ, நகரத்தின் பிணவறையிலும் அவரே நிற்கிறார். ‘பாடி’ என்னும் சொல் தமிழில் பிணத்தை மட்டுமே குறிக்கும் பொருட்சுருக்கம் பெற்றதும் இவ்விடங்களின் வழக்கினால்தான் என்று கருத இடமுண்டு. ‘பாடியை எப்போது கொடுப்பார்கள்’ என்பது மருத்துவமனை வாயிலில் நிற்கும் எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த தொடர்.

நாவிதரும் மருத்துவச்சியும் கையால் அறிந்திருந்த உடலறிவு ஏட்டில் ஏறாமற் போனதைத் தமிழ் மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இன்று வருந்திக் குறிப்பிடுகின்றனர். அதற்கு இணையான இழப்பொன்று இப்போதும் நடந்து வருகிறது. எந்தக் கலைச்சொல் அகராதியும் பிணவறை ஊழியரையும் அறுப்புக்கூட உதவியாளரையும் தகவலாளராகக் கொண்டு தொகுக்கப்படவில்லை. எலும்பைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் படிகளுக்கும், உடல் விறைக்கும் நிலைகளுக்கும், பதப்பட்ட தசைக்கும் படாத தசைக்கும் உள்ள வேறுபாட்டுக்கும் அவர்கள் எச்சொற்களை வழங்குகின்றனர் என்பது கேட்டுப் பதிவு செய்யத்தக்க செய்தி. கோயம்புத்தூர், பெருந்துறை, சேலம் ஆகிய மூன்று ஊர்களில் ஓராண்டுக் களப்பணி போதும். பணி ஓய்வு பெற்ற ஊழியர்களிடமிருந்து அதனைத் தொடங்குதல் நலம். கோவைக் கல்லூரியின் தொடக்கக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பது வயதை எட்டியோ கடந்தோ இருப்பர்.